காவடிச் சாலையில் மரத்துப்போன பாதங்கள்: மொரீசியஸில் பொருளாதார வளர்ச்சியும் மக்கள் நலமும்

தைப்பூசத்தன்று கத்ர் போர்ன் நகரில் காவடி எடுத்து, கோர் தெ கார்த் மலையடிவாரத்து முருகன் கோவிலை நோக்கி நடக்கிறவர்களின் கால்களைக் கவனித்தால் இந்தத் தீவின் பொதுச் சுகாதாரம் பற்றி ஒரு செய்தி கிடைக்கும். ஜனவரியும் பிப்ரவரியும் இங்கே கடுங்கோடை, தார்ச்சாலை கொதிக்கும். செருப்பில்லாமல் நடக்கிறவருக்கு அந்தச் சூடு உறைக்கத்தான் வேண்டும். நீரிழிவால் நரம்பு மரத்துப்போன பாதத்திற்கு அது உறைப்பதில்லை. வீடு திரும்பிக் கால் கழுவும்போதுதான் கொப்புளம் கண்ணில் படும். அது புண்ணாகி, புண் ஆறாமல் போனால் விரலையோ பாதத்தையோ எடுக்க வேண்டிவரும். பத்து நாள் விரதம் இருக்கிற நீரிழிவுக்காரர் மாத்திரையையும் இன்சுலினையும் எந்த அளவில் எடுத்துக்கொள்வது என்பதும் அப்படியே ஒரு மருத்துவக் கேள்வி. மொரீசியஸ் தமிழரான நம் குடும்பங்களில் பாட்டனும் பூட்டனும் காவடி எடுத்தபோது இந்தக் கேள்விகள் எழவில்லை. அவர்களை வருத்தியது காய்ச்சல்.

காய்ச்சலிலிருந்து சர்க்கரைக்கு வந்த இந்தப் பாதையை விளங்கிக்கொள்ள, 1950ஐ ஒட்டி மொரீசியஸில் பிறந்த தலைமுறையைப் பின்தொடர்வதே எளிய வழி என்று நினைக்கிறேன். அவர்கள் பிறந்தபோது மலேரியாவை ஒழிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு இருபது வயதானபோது ஏற்றுமதித் தொழிற்சாலைகள் திறந்தன. நாற்பதை நெருங்கியபோது நாட்டின் முதல் பெரிய நீரிழிவு ஆய்வு நடந்தது. இப்போது அவர்களுக்கு எழுபத்தைந்து. பொருளாதாரம் வளர்ந்தால் மக்களின் உடல்நலம் தானாகவே மேம்படும் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தத் தலைமுறையின் வாழ்க்கையில் அந்த வரிசை மாறியிருக்கிறது. நலம் முன்னால் வந்தது, பணம் அதன்பின் வந்தது, பணத்தோடு வேறு நோய்கள் வந்தன.

முதலில் பழைய கதை. தீவின் முதல் பெரிய பொருளாதார வளர்ச்சி கரும்பினால் ஏற்பட்டது. 1825இல் பிரிட்டன் மொரீசியஸ் சர்க்கரைக்கான இறக்குமதி வரியை மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரைக்குச் சமமாக்கியபோது தோட்டங்கள் பெருகின. அடிமைமுறை முடிவுக்கு வர, 1834 முதல் ஒப்பந்தக் கூலிகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். அடுத்த எழுபது எண்பது ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் ஏறத்தாழ நாலரை லட்சம் பேர். அவர்களில் சென்னைத் துறைமுகம் வழியாக வந்த தமிழர்களும் தெலுங்கர்களும் கணிசமானவர்கள். காடு வெட்டப்பட்டுக் கரும்பு நடப்பட்டது. இன்று நல்ல நிலையில் எஞ்சியிருக்கும் இயற்கைக் காடு தீவின் பரப்பில் 2 சதவீதத்திற்கும் குறைவு. மரம் போனதும் ஓடைகளின் போக்கு மாறியது, மண் அரித்துச் சமவெளியில் சேறு தங்கியது, பாசன வாய்க்கால்களிலும் ஆலைக் குட்டைகளிலும் நீர் தேங்கியது. ஆலைக் கணக்குப் புத்தகத்தில் இலாபமாக ஏறிய அதே நிலமாற்றம் கொசுவுக்கும் இடம் கொடுத்துக்கொண்டிருந்தது.

1860களுக்கு முன் இந்தத் தீவில் மலேரியா பரவியதில்லை. அதைப் பரப்பும் அனோபிலிஸ் கொசு இங்கே இருக்கவில்லை. கப்பல்கள் ஒட்டுண்ணியையும் கொசுவையும் கொண்டுவந்து சேர்த்தன; தேங்கிய நீர் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது. 1866இல் தொடங்கி 1868 வரை நீடித்த கொள்ளைக் காய்ச்சலில் சுமார் 40,000 பேர் இறந்தார்கள். அப்போது மக்கள்தொகை மூன்றரை லட்சத்தை எட்டவில்லை. போர்ட் லூயி நகரத்தில் வசதி படைத்தவர்கள் மேட்டு நிலத்திற்குக் குடிபெயர்ந்தார்கள். அதற்குச் சற்று முன்புதான், 1864இல், தீவில் இரயில் ஓடத் தொடங்கியிருந்தது. குளிர்ந்த மேட்டில் வீடு கட்டிக்கொண்டு காலையில் நகரத்து அலுவலகத்திற்கு இறங்கி வருவது முடியக்கூடிய காரியமாக இருந்தது. கியூர்பீப், ரோஸ் ஹில், கத்ர் போர்ன் போன்ற ஊர்கள் நகரங்களாக வளர்ந்ததற்கு அந்தக் காய்ச்சல் ஒரு முக்கியக் காரணம். தோட்டக் குடியிருப்புகளில் இருந்த கூலிகளுக்கு ஏறிப்போக மேடு இல்லை. ஆக, சுற்றுச்சூழல் எல்லாருக்கும் பொது என்று நாம் சொல்வது அரை உண்மைதான். எந்தச் சூழலில் வாழ்வது என்பதைத் தீர்மானிக்கும் வசதி சிலருக்கே வாய்த்தது.

மலேரியா ஒட்டுண்ணியைக் கொசுவின் உடலில் சிக்கந்தராபாத்தில் 1897இல் கண்டறிந்த ரொனால்டு ராஸ், 1907ஆம் ஆண்டின் இறுதியில் மொரீசியஸுக்கு வரவழைக்கப்பட்டார். குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று கணக்கெடுப்பது அவருடைய முறை. மூன்றில் ஒரு குழந்தைக்கு மண்ணீரல் வீங்கியிருந்தது. சதுப்புகளை வடிப்பது, ஓடைக்கரைகளைச் சீர்செய்வது, கொசுப் புழுவை ஒழிப்பதற்கென்று நிரந்தரமாக ஆட்களை நியமிப்பது என்று பரிந்துரைகளை எழுதினார். அந்த அறிக்கைக்கு வேறொரு சிறப்பும் உண்டு. கொசுக்களை ஒன்று விடாமல் ஒழிக்கத் தேவையில்லை, அவற்றின் எண்ணிக்கையை ஒரு வரம்புக்குக் கீழே கொண்டுவந்தாலே நோய் தானாக அடங்கிவிடும் என்பதைக் கணக்குப்போட்டுக் காட்ட அதில் அவர் முயன்றார். இன்று தொற்றுநோய் வந்தவுடன் தொலைக்காட்சியில் வல்லுநர்கள் பேசுகிற 'ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்குப் பரவுகிறது' என்ற கணக்கின் முன்னோடிகளில் இந்தத் தீவுக்காக எழுதப்பட்ட அந்த அறிக்கையும் ஒன்று. கணக்கு சரியாக இருந்தது. ஆனால் வடிகால் வேலைக்குப் பணம் ஒதுக்குவதில் தோட்ட முதலாளிகளுக்கும் காலனி அரசுக்கும் இருந்த அக்கறை சர்க்கரை விலையோடு சேர்ந்து ஏறி இறங்கியது. அடுத்த நாற்பது ஆண்டுகளும் காய்ச்சல் போகவில்லை. வெறுங்காலோடு கரும்புக் காட்டில் நின்றவர்களிடம் கொக்கிப்புழுவும் சேர்ந்துகொள்ள, இரத்தசோகை தோட்டத் தொழிலாளியின் இயல்பு நிலையாகவே இருந்தது.

மாற்றம் 1949இல் வந்தது. வீடு வீடாகச் சென்று சுவரில் டி.டி.டி. என்னும் கொசுமருந்தை அடிக்கும் இயக்கம் அந்த ஆண்டு தொடங்கி, இரண்டு மூன்று ஆண்டுகளில் மலேரியாவின் முதுகெலும்பை முறித்தது. வீட்டுக்குள் தங்கும் வழக்கமுடைய ஒரு வகை அனோபிலிஸ் தீவிலிருந்து அடியோடு மறைந்துபோனது. 1942 முதல் 1946 வரையிலான காலத்தில் பிறப்பின்போது எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் சுமார் 33 ஆண்டுகள். 1951 முதல் 1953 வரையில் அது சுமார் 51. பத்தே ஆண்டுகளுக்குள் பதினெட்டு ஆண்டு ஆயுள் கூடுவது உலக வரலாற்றிலேயே அரிது. இந்தப் பத்தாண்டுகளில் தீவின் பொருளாதாரத்தில் பெரிதாக ஒன்றும் நிகழ்ந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒற்றைப் பயிர், தாழ்ந்த கூலி, மண்ணும் வைக்கோலும் தகரமும் கொண்டு கட்டிய வீடு எல்லாம் அப்படியேதான் இருந்தன.

மக்கள்தொகை ஆய்வாளர் சாமுவேல் பிரெஸ்டன் 1975இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு இதை உலக அளவில் எடுத்துப் பேசியது. வருமானம் கூடக்கூட ஆயுள் கூடுகிறது, ஒரு கட்டத்திற்கு மேல் அந்த ஏற்றம் மட்டுப்படுகிறது என்பது ஒரு பகுதி. 1930களுக்கும் 1960களுக்கும் இடையில் ஆயுள் கூடியதில் பெரும்பங்கு வருமான உயர்வால் விளைந்ததன்று; அதே வருமானத்தில் முன்பைவிட நீண்ட ஆயுளை வாங்க முடிந்த மருத்துவ அறிவும் பொதுச் சுகாதார உத்திகளும்தான் அதைச் செய்தன என்பது மறு பகுதி. மொரீசியஸ் அந்த இரண்டாம் பகுதிக்குப் பாடப்புத்தக எடுத்துக்காட்டு.

சாகாமல் பிழைத்த குழந்தைகளை என்ன செய்வது என்பது அடுத்த கவலை. 1952இல் ஐந்து லட்சமாக இருந்த மக்கள்தொகை பத்தே ஆண்டுகளில் ஆறு லட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டியது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜேம்ஸ் மீட் தலைமையிலான குழு 1961இல் அளித்த அறிக்கை, கரும்பைத் தவிர வேறெதுவும் இல்லாத சிறு தீவில் பெருகும் மக்கள் வறுமையிலும் இனப்பூசலிலும் சிக்கிக்கொள்வார்கள் என்று அஞ்சியது. சமூகக் கொள்கை அறிஞர் ரிச்சர்டு டிட்மஸ் அதே காலத்தில் தந்த மற்றோர் அறிக்கை குடும்பக் கட்டுப்பாட்டையும் சமூகப் பாதுகாப்பையும் வலியுறுத்தியது. கத்தோலிக்கத் திருச்சபையின் தயக்கங்களுக்கும் இடம்கொடுத்து, இயற்கை முறை, செயற்கை முறை என்று இரண்டு வழிகளிலும் குடும்பக் கட்டுப்பாட்டு அமைப்புகள் வேலை செய்தன. 1960களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு பிள்ளைகள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இதுவும் நாடு பணக்கார நாடாவதற்கு முன்னால் நடந்ததுதான்.

மீட் அஞ்சியது பலிக்கவில்லை. ஏன் பலிக்கவில்லை என்பதற்குப் பொருளியலாளர்கள் பல காரணங்கள் சொல்வார்கள்: ஐரோப்பாவில் சர்க்கரைக்குக் கிடைத்த உறுதியான விலை, அந்தப் பணத்தை உள்ளூரிலேயே முதலீடு செய்த தோட்ட உரிமையாளர்கள், ஹாங்காங்கிலிருந்து வந்த ஆடைத் தொழில் முதலீடு, ஏற்றுமதிக்கான தொழிற்சாலைகளை ஊக்குவிக்க 1970இல் இயற்றப்பட்ட ஏற்றுமதி வலயச் சட்டம். இவற்றோடு சேர்க்க வேண்டிய, ஆனால் பலரும் சேர்க்கத் தவறுகிற ஒரு காரணம் உண்டு. 1970இல் தையல் இயந்திரத்தின் முன் உட்காருவதற்கு இருபது வயது இளைஞர்களும் இளம்பெண்களும் தேவைப்பட்டார்கள். அந்த இருபது வயதினர் 1950இல் கொசுமருந்து அடித்த வீட்டில் பிறந்து, காய்ச்சலில் மடியாமல், மண்ணீரல் வீங்காமல், பள்ளிக்கூடம் போய் வளர்ந்தவர்கள். மிகைப்பட்ட சுமையாக அறிக்கைகள் கணித்த பிள்ளைகள்தான் பின்னர் தொழிலாளர்களானார்கள். 1980களின் இறுதியில் ஏற்றுமதி வலயத்தில் சுமார் 90,000 பேர் வேலை பார்த்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நலத்தில் போட்ட முதலீடு இருபது ஆண்டுகள் கழித்து வளர்ச்சியாகத் திரும்பியது.

வளர்ச்சி வந்தபின் அது நலத்திற்குச் செய்த நன்மையைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இன்றுவரை இலவசம்; அதற்கான பணம் வளர்ச்சியிலிருந்துதான் வருகிறது. குழாய் நீர், மின்சாரம், கான்கிரீட் வீடு, பெண்களின் கையில் சொந்தக் கூலி எல்லாம் சேர்ந்து குழந்தை இறப்பைக் குறைத்தன. நாடு விடுதலை பெற்ற 1968ஐ ஒட்டி ஆயிரம் குழந்தைகளில் அறுபது எழுபது பேர் முதல் பிறந்தநாளைக் காணாமல் இறந்தார்கள். இப்போது பதின்மூன்று பதினான்கு. இது சிறிய சாதனையன்று.

கான்கிரீட் வீடு என்றதும் ஒரு கிளைக்கதை. 1960இல் அடித்த கரோல் புயல் பல்லாயிரம் வீடுகளைத் தரைமட்டமாக்கியது. அதன்பின் மக்கள் ஓலையையும் தகரத்தையும் விட்டுக் கான்கிரீட்டுக்கு மாறினார்கள். புயலைத் தாங்குவதற்கு அது சரியான முடிவு. ஆனால் மேலே இன்னொரு தளம் எழுப்பலாம் என்ற நம்பிக்கையில், கம்பிகளை நீட்டிவைத்துத் தட்டையாக விடப்பட்ட மொட்டை மாடிகளில் மழைநீர் தேங்கியது. 1973இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடாக மொரீசியஸைச் சான்றளித்திருந்தது. 1975இல் ஜெர்வேஸ் புயல் அடித்தபின் மலேரியா திரும்பி வந்தது, 1982இல் உள்ளூரிலேயே அறுநூறுக்கு மேற்பட்டோருக்குத் தொற்றியது. எஞ்சியிருந்த அனோபிலிஸ் வகை இந்த மொட்டை மாடிக் குட்டைகளிலும் முட்டையிட்டு வளர்ந்தது. மறுபடி இயக்கம் நடத்தி, 1998க்குப் பின் உள்ளூர்த் தொற்று நின்றது. மலேரியா உள்ள நாடுகளிலிருந்து வருகிறவர்களை விமான நிலையத்தில் பதிவுசெய்து, சுகாதார அலுவலர்கள் பின்னர் வீடு தேடிப் போய் இரத்தம் எடுத்துப் பார்க்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. மக்கள்தொகையில் ஆளுக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 2 அமெரிக்க டாலர் செலவாகும் இந்த ஏற்பாட்டை வீண்செலவு என்று நிறுத்திவிடச் சொல்லும் குரல் எந்த நாட்டிலும் எழக்கூடியது. நோய் கண்ணில் படாதபோது அதைத் தடுப்பதற்கான செலவு மட்டும்தானே கண்ணில் படுகிறது.

இனி 1987. அந்த ஆண்டு மொரீசியஸ் சுகாதார அமைச்சும், உலக சுகாதார நிறுவனமும், ஆஸ்திரேலிய நீரிழிவு ஆய்வாளர் பால் சிம்மெட் குழுவினரும் சேர்ந்து நடத்திய ஆய்வில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. 1998இல் அது ஆறில் ஒருவராகியது. அதன்பின் வந்த கணக்கெடுப்புகளில் ஐந்தில் ஒருவரைச் சுற்றி நிற்கிறது. இந்தியர்களுக்கு நீரிழிவு அதிகம் என்று நாம் பழகிப்போய்ச் சொல்கிறோம். இந்த ஆய்வில் உலகத்தின் கவனத்தை ஈர்த்ததோ வேறொன்று. தீவின் இந்துக்கள், முஸ்லிம்கள், ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல் மக்கள், சீனர் என்று எல்லாரிடமும் நோயின் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அந்தக் காலத்தில் சீனாவில் நீரிழிவு மிகக் குறைவு. அங்கிருந்து வந்தவர்களின் சந்ததியிடம் இங்கே அது பன்மடங்கு. இரண்டு கண்டங்களின் இரத்தம் ஒரே தீவில், ஒரே கடைத்தெருவில் சாப்பிட்டு, ஒரே மாதிரி வேலைக்கு மாறியபோது ஒரே நோய்க்கு ஆளானது. பரம்பரைக்குப் பங்கு இல்லை என்பது இதன் பொருளன்று. பரம்பரை எதுவானாலும் சூழல் அதைத் தூண்டிவிட முடிகிறது என்பதுதான்.

1950இன் தலைமுறைக்கு இதில் கூடுதல் பாதிப்பு உண்டு. தாயின் வயிற்றிலும் முதல் சில ஆண்டுகளிலும் ஊட்டம் குறைந்த உடல், கிடைப்பதைச் சேமித்துவைக்கும்படி தன்னை அமைத்துக்கொள்கிறது. பிற்காலத்தில் தட்டு நிறையும்போது அந்த அமைப்பே அதற்கு வினையாகிறது என்று மருத்துவ ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். பஞ்சத்துக்காகப் பழகிய உடல் பண்டிகைச் சாப்பாட்டில் சிக்கிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம். இரத்தசோகை பிடித்த தாய்க்குத் தோட்டக் குடியிருப்பில் பிறந்து, நாற்பது வயதில் மாடி வீடும் குளிர்பதனப் பெட்டியும் வாங்கிய ஒருவருடைய வாழ்க்கையில் இந்த மாற்றம் ஒரே தலைமுறைக்குள் நிகழ்ந்துவிட்டது. ஐரோப்பாவில் இது நூற்றைம்பது ஆண்டுகளில் மெல்ல நடந்தது.

சர்க்கரைத் தீவில் சர்க்கரை நோய் என்று எழுத எளிதாக இருக்கிறது, நானும் ஆசைப்பட்டதுண்டு. ஆனால் கரும்பு இங்கே முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது, விளைந்த சர்க்கரையில் பெரும்பகுதி கப்பலேறிப் போய்விடும். புதிதாக வந்தவை வேறு. நாட்டின் உணவில் ஏறத்தாழ முக்கால் பங்கு இறக்குமதி. விலை கட்டுப்படுத்தப்பட்ட வெள்ளை ரொட்டியும், மானிய அரிசியும், மானிய மாவும் பசியைப் போக்கத் தொடங்கப்பட்டு, பசி போனபின்னும் தொடர்ந்தன. தொழிற்சாலையில் கூடுதல் நேரம் பார்த்துவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்பும் பெண்ணுக்குக் கீரையும் பருப்பும் வைத்துச் சமைக்க நேரமில்லை. தெருமுனைத் தால் பூரியும், வறுத்த நூடுல்ஸும், நம் பருப்பு வடையின் வாரிசான கத்தோ பிமாவும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. நூடுல்ஸை இங்கே 'மீன்' என்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த நண்பர்கள் முதலில் குழம்பாமல் இருப்பதில்லை. கரும்பு வெட்டுகிறவர் நாள் முழுதும் எரித்த சக்தியில் ஒரு சிறு பங்கைத்தான் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவர் எரிக்கிறார், தட்டின் அளவு மட்டும் கரும்பு வெட்டிய காலத்து அளவாகவே இருந்தது. பதின்மூன்று லட்சம் பேர்கூட இல்லாத நாட்டில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் பதிவாகியிருக்கின்றன என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கடைக்கும் கோவிலுக்கும் நடந்த கால்கள் இன்று பிரேக்கை மிதிக்கின்றன.

உடல்நலத்தைத் தனிமனித ஒழுக்கமாகவே பார்க்கிறவர்களுக்கு அதே 1987இல் இங்கே நடந்த ஒரு சிறு நிர்வாக மாற்றத்தைக் காட்ட விரும்புகிறேன். மக்கள் பரவலாகப் பயன்படுத்திய பங்கீட்டுச் சமையல் எண்ணெயில் பெரும்பகுதி பாமாயில். அதை முழுவதும் சோயா எண்ணெயாக மாற்ற அரசு முடிவு செய்தது. இதற்காக யாரும் யாருக்கும் அறிவுரை சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடையில் அதே எண்ணெய், அதே பெயரில், வேறு வித்திலிருந்து வந்தது. 1992இல் மறுபடி ஆய்வு செய்தபோது மக்களின் சராசரி இரத்தக் கொழுப்பு (கொலஸ்ட்ரால்) லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7 ஆகக் குறைந்திருந்தது. இந்தச் சரிவில் எண்ணெய் மாற்றத்தின் பங்கு பெரிது என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அதே ஐந்தாண்டுகளில் உடல்பருமனும் நீரிழிவும் கூடிக்கொண்டுதான் இருந்தன. ஒரு கொள்முதல் ஆணை கொழுப்பைக் குறைத்தது, வேலை முறையும் தெருவும் தட்டும் மாறாததால் சர்க்கரை குறையவில்லை என்று இதைப் படிக்கலாம். பின்னர் பள்ளிச் சிற்றுண்டிச் சாலைகளில் குளிர்பானத்துக்கும் பொரித்த பண்டத்துக்கும் 2009இல் தடை வந்தது, 2013இல் இனிப்பூட்டிய பானங்களுக்கு அவற்றிலுள்ள சர்க்கரையின் எடைக்கேற்ப வரி வந்தது. எண்ணெய் மாற்றம் காட்டிய வேகத்தை இவை காட்டவில்லை.

பக்கத்துத் தீவான ரீயூனியனை ஒப்பிட்டால் இன்னொன்றும் விளங்கும். 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டமாக இருக்கும் அத்தீவுக்குச் செல்வம் தொழிற்சாலைகளால் வரவில்லை; பாரிஸிலிருந்து வரும் ஊதியமும் உதவித்தொகையும்தான் அங்கே வாழ்க்கைத் தரத்தை உயர்த்தின. வளர்ச்சியின் வழி வேறு. ஆனாலும் நீரிழிவில் ரீயூனியன் பிரான்சின் முன்வரிசையில் நிற்கிறது. ஒரே நிறுவனத்தின் தயிரும் குளிர்பானமும் பிரான்சில் விற்பதைவிடக் கடல்கடந்த தீவுகளில் கூடுதல் சர்க்கரையோடு விற்கப்பட்டதால், அந்த வேறுபாட்டைத் தடைசெய்ய 2013இல் பிரெஞ்சு நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. மல்பார் என்று அங்கே அழைக்கப்படும், தமிழ் வழிவந்த நம் உறவினர் குடும்பங்கள் அங்கே நம்மைவிடப் பெரிய கார் ஓட்டுகிறார்கள். பாதத்தின் பிரச்சினை ஒன்றுதான்.

காற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கடற்காற்று இத்தீவைப் பெருநகரங்களின் கதிக்கு ஆளாகாமல் காக்கிறது. ஆனால் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னமும் நிலக்கரியிலிருந்தும் கனரக எண்ணெயிலிருந்தும் வருகிறது; கரும்புச் சக்கை எரிக்கும் ஆலைகளே அறுவடை முடிந்த மாதங்களில் நிலக்கரிக்கு மாறிக்கொள்கின்றன. கரும்புச் சக்கையைப் பசுமை எரிபொருள் என்று விளம்பரப்படுத்தும்போது இந்த இரண்டாம் பாதியைச் சொல்லாமல் விடுவது வழக்கமாகிவிட்டது.

கொசு வேறு உருவில் திரும்பியது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் சிக்குன்குனியா ரீயூனியனில் மூன்றில் ஒருவரைப் படுக்கையில் தள்ளியது, மொரீசியஸிலும் பரவியது. ஏடிஸ் ஆல்போபிக்டஸ் என்னும் புலிக்கொசுவில் எளிதாகப் பெருகும்படி அந்த வைரஸின் ஒரு புரதத்தில் சிறு மாற்றம் நிகழ்ந்திருந்தது பின்னர் தெரிந்தது. பழைய அனோபிலிஸ் சதுப்பையும் ஓடையையும் தேடியது. புலிக்கொசு தேடுவது பழைய டயர், பிளாஸ்டிக் குவளை, பூந்தொட்டித் தட்டு, அடைபட்ட கூரை வாய்க்கால் ஆகியவற்றை. ஏழ்மையில் இருந்த தீவில் வீட்டைச் சுற்றி இத்தனை கலன்கள் இருந்ததில்லை. வெப்பம் கூடி, குளிர்காலமும் மிதமாகிவிட்டதால், கொசுவின் பருவம் நீள்கிறது. டெங்கு இப்போது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து போகிற விருந்தாளி. 2025இல் சிக்குன்குனியா ரீயூனியனுக்குப் பெரிய அளவில் திரும்பி, இங்கும் எட்டிப்பார்த்தது.

நீரின் கதையும் அப்படியே. 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயியில் சில மணி நேரத்தில் கொட்டிய மழையில் 11 பேர் இறந்தார்கள். சுரங்க நடைபாதையிலும் நிலத்தடி வாகன நிறுத்தத்திலும் வெள்ளம் புகுந்தது. மழை கடுமையானதுதான். ஆனால் மலைச்சரிவில் வீடுகளும் சாலைகளும் ஏறி, கீழே கால்வாய்கள் குறுகி, குப்பை அடைத்து, நகரத்தின் தரை முழுவதும் சிமெண்டாகியிருந்தது. வடக்குக் கடற்கரையில் ஈரநிலங்களைத் தூர்த்து விடுதிகளும் மாளிகைகளும் எழுந்தன. அந்த ஈரநிலங்கள்தான் மழைநீரைப் பிடித்துவைத்து, வடிகட்டி, காயலுக்கு அனுப்பியவை. நில வடிகாலுக்கென்று தனி ஆணையம் அமைக்கும் சட்டம் 2017இல்தான் வந்தது. ராஸ் வடிகால் பற்றி எழுதி அப்போது நூற்றொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது தலைநகரத்துத் தெருவில் கார்கள் மிதந்தன. 1867இல் மேட்டுக்கு இரயிலேறிப் போனவர்களைப்போல, இன்று வேலிக்குள் அடைத்த புதுக் குடியிருப்புகளில் சொந்த வடிகாலோடு வாழ முடிகிறவர்கள் வாழ்கிறார்கள். பழைய கால்வாய் ஓரத்து வீடுகளில் வெள்ளம் வடிந்தபின் எலிக்காய்ச்சலுக்கும் கொசுவுக்கும் அஞ்சி வீடு கழுவுகிறவர்கள் வேறு ஆட்கள்.

1950இன் தலைமுறைக்குத் திரும்பிவருகிறேன். உலக வங்கி 2020 ஜூலையில் மொரீசியஸை உயர்வருமான நாடு என்று வகைப்படுத்தி, பெருந்தொற்றில் சுற்றுலா முடங்கியபின் அடுத்த ஆண்டே அந்தப் பட்டியலிலிருந்து இறக்கியது. அந்த ஏற்ற இறக்கத்தால் அவர்களுடைய பாதத்துப் புண்ணிலோ சிறுநீரகத்திலோ எந்த மாற்றமும் இல்லை. நாட்டின் மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு இதய நோயாலும் நீரிழிவாலும் நிகழ்கின்றன. இரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) இயந்திரங்களின் செலவை அரசு ஏற்கிறது. அவர்கள் ஆறு பேராகப் பிறந்த குடும்பங்களில் இன்று ஒன்றோ இரண்டோ பிள்ளைகள். ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தை. வரி கட்டுகிறவர்கள் குறைந்து, ஓய்வூதியம் பெறுகிறவர்கள் கூடுகிறார்கள். இந்தக் கணக்கை வைத்துத்தான் 2025 ஜூனில் அரசு அடிப்படை ஓய்வூதிய வயதை 60இலிருந்து 65க்குப் படிப்படியாக உயர்த்துவதாக அறிவித்தது, தெருவிலும் நாடாளுமன்றத்திலும் பெரும் வாக்குவாதம் எழுந்தது. மக்கள் நீண்ட காலம் வாழ்கிறார்கள், ஆகவே நீண்ட காலம் உழைக்கலாம் என்பது அறிவிப்புக்குப் பின்னால் இருந்த வாதம். எதிர்பார்க்கப்படும் ஆயுள் எழுபத்தைந்தை ஒட்டி இருப்பது உண்மைதான். ஆனால் நாற்பத்தைந்தில் நீரிழிவு தொடங்கிய ஒரு தையல்காரிக்கோ கட்டடத் தொழிலாளிக்கோ அறுபதுக்கும் அறுபத்தைந்துக்கும் இடைப்பட்ட ஐந்தாண்டுகள் கண் மங்கி, பாதம் மரத்து, டயாலிசிஸ் வரிசையில் நாற்காலிக்குக் காத்திருக்கும் ஆண்டுகளாகவும் அமையக்கூடும். ஆயுள் அட்டவணையில் அவையும் வாழ்ந்த ஆண்டுகளாகவே எண்ணப்படுகின்றன.